உழவு இயந்திரத்தின் சுக்கானும் முன்சில்லுகளும்
வீட்டிலே பழுதுபார்த்தபின் செய்யவேண்டிய சோதனைகளும் திருத்தங்களும்

1. முன்னுரை

உழவு இயந்திரத்தின் முன்னச்சிலோ சுக்கானிலோ கைவைத்துச் செய்த எந்தத் திருத்தமும், கடைசி நட்டை இறுக்கியவுடன் முடிந்துவிடுவதில்லை. சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று அளந்து, கழன்றுபோகக்கூடிய இடங்களையெல்லாம் பூட்டி, வெறும் வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்னரே அவ்வேலை நிறைவுபெறுகிறது. இம்மூன்றிலே ஒன்று குறையினும் பழுது மறைந்து நிற்குமேயன்றி நீங்கிவிடாது. மறைந்து நிற்கும் அப்பழுது, பெட்டி நிறைய ஆட்களையோ நெல்லையோ ஏற்றிக்கொண்டு குளக்கட்டின்மேல் செல்லும் வேளையிலே வெளிப்படுமாயின், அதன் விளைவு உதிரிப்பாகத்தின் விலையோடு நிற்பதன்று.

வன்னிக் கமக்காரருக்குத் தம் இயந்திரத்தைத் தாமே திருத்திக்கொள்ளும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1990ஆம் ஆண்டுகளில் எரிபொருளும் மின்கலமும் உதிரிப்பாகங்களும் வருதல் தடைப்பட்டிருந்த காலத்தில், கையிலிருந்த இரும்பைக் கொண்டே இயந்திரங்களை ஓடச்செய்தனர். 2009ஆம் ஆண்டின் பின் மீளக்குடியேறியோர் பலர், துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளின் பாகங்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி உழவைத் தொடங்கினர். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உதிரிப்பாகங்களின் விலை ஏறியதும் இப்பழக்கத்தை மேலும் வளர்த்தன. ஆதலின் கமக்காரர் தாமாகப் பழுதுபார்த்தலைக் குறைகூறுதல் இப்பிரசுரத்தின் நோக்கமன்று. அவ்வேலையை எவ்வாறு முறையாக முடித்தல் வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே நோக்கம். இதற்கு வேண்டிய கருவிகள் அளவு நாடா ஒன்று, சுண்ணக்கட்டி, தூக்குக்குண்டு, நல்ல நூல், ஜக், ஸ்பனர்கள் ஆகியன மாத்திரமே.

2. பாகங்களும் அவற்றின் தொழிலும்

சுக்கானைத் திருப்பும்போது அதன் தண்டு பல்லுப்பெட்டியைத் திருப்புகிறது. பெட்டியிலிருந்து வெளிப்படும் கை, இழுதண்டு ஒன்றைத் தள்ளவோ இழுக்கவோ செய்கிறது. அவ்விழுதண்டு முன்சில்லின் கையைத் திருப்ப, சில்லு கிங் பின்னைச் சுற்றித் திரும்புகிறது. இடச்சில்லையும் வலச்சில்லையும் ஒன்றோடொன்று இணைப்பது ரை றொட் எனப்படும் இணைதண்டு. தண்டுகளின் முனைகளிலே உருண்டைத் தலையுள்ள மூட்டுகள் உள்ளன. இவற்றைக் கராஜ்களில் போல் ஜொயின்ற் என்பர்.

எல்லா இயந்திரங்களும் ஒரே அமைப்பை உடையனவல்ல. 1946ஆம் ஆண்டில் வெளிவந்த பேர்குசன் இயந்திரத்திலும், அதன் வழிவந்த மசி பேர்குசன் 35 இலும், சில்லுகளை இணைக்கும் ஒற்றைத் தண்டு இல்லை. பல்லுப்பெட்டியின் இருபுறத்திலும் இரு கைகள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழுதண்டு அவ்வப்பக்கத்துச் சில்லுக்குச் செல்கிறது. முன்னச்சு மூன்று துண்டுகளாய்ப் போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. பயிர் வரிசைக்கேற்பச் சில்லுகளின் இடைத்தூரத்தை 4 அங்குலப் படிகளாகக் கூட்டினாலும் குறைத்தாலும், இழுதண்டுகளின் நீளத்தை மாற்றவேண்டாதவாறு அது வகுக்கப்பட்டுள்ளது. இவ்வசதி இருபக்கத்தையும் ஒரே துளைக்கணக்கில் மாற்றுவோர்க்கே பயன்படும். ஒரு பக்கத்தை மாத்திரம் ஒரு துளை தள்ளிப் பூட்டினால் ஒரு முன்சில்லு வண்டியின் நடுவிலிருந்து மற்றதிலும் பார்க்க விலகி நிற்கும்.

குவிவு என்பது யாது? வண்டி நேராக நிற்கும்போது, இரு முன்சில்லுகளுக்கும் இடையே முன்பக்கத்துத் தூரம் பின்பக்கத்துத் தூரத்தினும் சற்றுக் குறைவாயிருத்தலே குவிவு ஆகும். முன்பக்கம் அகன்றிருப்பின் அது விரிவு. வண்டி ஓடும்போது நிலம் சில்லுகளைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மூட்டுகளிலுள்ள சிறு இடைவெளியினால் சில்லுகளின் முன்பக்கம் அகலப் பார்க்கிறது. நிற்கும்போது சிறிதளவு குவிந்திருந்தால் ஓடும்போது நேராகிவிடும். பெரும்பாலான உழவு இயந்திரங்களுக்கு இது 0 முதல் 6 மில்லிமீற்றர் வரை போதுமானது. உங்கள் வண்டியின் கைந்நூலில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதனையே கொள்க.

இவ்வளவு சிறிய தூரம் என்ன செய்யும் எனச் சிலர் கேட்கக்கூடும். 730 மில்லிமீற்றர் விட்டமுள்ள முன்ரயர்களில் விரிவு 12 மில்லிமீற்றர் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு கிலோமீற்றர் ஓட்டத்திலும் இரு ரயர்களும் ஒன்றைவிட்டு ஒன்று ஏறக்குறைய 16 மீற்றர் விலகிச் செல்ல முயல்கின்றன. அச்சு அதற்கு இடங்கொடாது. ஆதலின் ரயர்கள் அத்தூரத்தைத் தரையிலே தேய்த்துக் கழிக்கின்றன. கிளிநொச்சியிலிருந்து பரந்தனுக்கு ஏறக்குறைய 5 கிலோமீற்றர் போனாற்கூட, ரயர்களை 80 மீற்றர் தூரம் குறுக்கே இழுத்துச் சென்றதற்கு ஒப்பாகும். புதிய ரயர் ஒரு போகத்திலேயே தேய்ந்து போவதன் காரணம் பலவேளைகளில் இதுவே.

3. குறிகளும் அவற்றின் காரணங்களும்

பழுதுபார்த்தபின் வண்டி காட்டும் குறிகளைக் கொண்டே காரணத்தை ஊகித்தல் கூடும்.

(அ) வண்டி ஒரு பக்கம் இழுத்தல்: முதலிற் பார்க்கவேண்டியது காற்று. காற்றுக் குறைந்த ரயர் இருக்கும் பக்கத்துக்கே வண்டி இழுக்கும். இரு முன்ரயர்களும் ஒரே அளவினவா, ஒரே அளவு தேய்ந்தனவா என்பதையும் பார்க்க. பிறேக் பிடிக்கும்போது மாத்திரம் இழுக்குமாயின் பழுது முன்சில்லில் இல்லை. இடவலப் பிறேக்குகள் ஒத்துப் பிடிக்கவில்லை என்பதே பொருள். வயலிலே திரும்புவதற்காக இரு பிறேக் மிதிகளையும் பிரித்து வைப்போர், வீதிக்கு ஏறுமுன் அவற்றைக் கொளுவியால் ஒன்றாக இணைத்தல் வேண்டும். இதனை மறந்துவிட்டு முன்னச்சைக் கழற்றித் தேடுவோர் பலர்.

(ஆ) முன்சில்லு இருபுறமும் ஆடுதல்: சில்லின் பெயாரிங் தளர்ந்திருத்தல், போல் ஜொயின்ற் தேய்ந்திருத்தல், கிங் பின் புஸ் தேய்ந்திருத்தல், விரிவு மிகுந்திருத்தல் ஆகியவற்றுள் ஒன்று.

(இ) சுக்கான் இறுகியிருத்தல், திருப்பியபின் தானாகத் திரும்பாமை: கிங் பின்னுக்குக் கிறீஸ் போகாமை, அல்லது சுக்கானின் ஆட்டத்தை மறைப்பதற்காகப் பல்லுப்பெட்டியின் திருகை அளவுக்கு மேல் இறுக்கியமை.

(ஈ) நேராகச் செல்லும்போது சுக்கான் கோணி நிற்றல்: இழுதண்டின் நீளம் மாறியுள்ளது. இதற்காகச் சுக்கான் வளையத்தைக் கழற்றி நேராக மாட்டுதல் பிழையான முறை. பல்லுப்பெட்டி தன் நடுநிலையிலேதான் ஆட்டமின்றிப் பொருந்துமாறு செய்யப்பட்டுள்ளது. வளையத்தை மாத்திரம் மாற்றினால் பார்வைக்கு நேராகும். ஆனால் நேர்வீதியில் ஆட்டம் கூடும். ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் வண்டி திரும்பும்.

(உ) ரயரின் தேய்வு: இரு ரயர்களும் வெளியோரத்தில் தேய்ந்தால் குவிவு மிகுதி, உள்ளோரத்தில் தேய்ந்தால் விரிவு. ரயரின் வரிகளைக் கையாற் குறுக்கே தடவிப் பார்க்கும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் கூர்மையாகவும் தோன்றின், சில்லு நேராக உருளவில்லை என்பது உறுதி.

ஒன்றை மாத்திரம் பழுதென்று எண்ணுதல் கூடாது. வளைவில் உட்பக்கச் சில்லு வெளிப்பக்கச் சில்லிலும் பார்க்கக் கூடுதலாகத் திரும்பும். உட்சில்லு சிறிய வட்டத்தில் ஓடவேண்டியிருப்பதே காரணம். மியூனிக் நகரத்து வண்டி செய்வோரான லங்கன்ஸ்பேர்கர் கண்ட இம்முறைக்கு, 1818ஆம் ஆண்டில் இலண்டனில் அக்கர்மன் என்பவர் காப்புரிமை பெற்றார். அன்று குதிரை வண்டிக்கு ஏற்பட்ட அமைப்பே இன்று உழவு இயந்திரத்திலும் உள்ளது. எனவே குவிவைச் சில்லுகள் நேராக நிற்கும்போது மாத்திரமே அளத்தல் வேண்டும்.

4. அளப்பதற்கு முன்

தேய்ந்த பாகத்தை வைத்துக்கொண்டு சில்லை நேர்படுத்துதல், உடைந்த வரம்பை மூடாமல் வயலுக்கு நீர்கட்டுவதை ஒக்கும். ஆகவே முதலில் பாகங்களைச் சோதித்தல் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்னச்சை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான மரக்குற்றிகளின்மேல் இருத்துக. ஜக்கை மாத்திரம் நம்பி வண்டிக்குக் கீழே செல்லுதல் கூடாது.

சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் இருப்பின் ஒருவர் சில்லை ஆட்ட மற்றவர் கூர்ந்து நோக்குக. சில்லு மாத்திரம் ஆடினால் பெயாரிங். சில்லோடு அதன் தண்டும் ஆடினால் கிங் பின் புஸ். பின் சில்லின் இடமும் வலமும் பிடித்து ஆட்டுக. தண்டுகளின் முனை மூட்டில் உருண்டை தன் கூட்டுக்குள் அசைந்தால் அம்மூட்டை மாற்றவேண்டும். அச்சின் நடுவிலுள்ள ஊசியையும் கம்பியால் நெம்பிப் பார்க்க. அது தேய்ந்திருப்பின் முன்னச்சு முழுவதும் முன்னும் பின்னும் அசையும்.

சேறடிக்கும் இயந்திரங்களில் சில்லின் குடத்துக்குள் நீர் புகுதல் வழக்கம். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பரவியபோது கண்டதுபோல, நீரில் மூழ்கிய வண்டி வெளியே காய்ந்துவிட்டாலும் உள்ளே காய்வதில்லை. குடத்தைத் திறக்கும்போது கிறீஸ் மோர்போல வெளுத்திருந்தால், பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, குழியோ நீலநிறமோ இல்லையெனக் கண்டபின் புதுக் கிறீஸ் பூசுக. நீர்த்தடுப்பு வளையத்தையும் மாற்றுக.

பின்னர் அச்சு வளைந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். வண்டியை இறக்கிச் சில்லுகளை நேராக்கி, பின்சில்லின் அச்சு நடுவிலிருந்து முன்சில்லின் நடுவரை இருபக்கத்தையும் அளக்க. இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். குறிப்பிடத்தக்க வேறுபாடு இருப்பின் முன்னச்சோ அதனைத் தாங்கும் தண்டோ வளைந்துள்ளது. அதனைக் குவிவை மாற்றிச் சரிசெய்தல் இயலாது.

5. அளக்கும் முறை

நெல் உலரவிடும் சீமெந்துக் களமே இதற்குத் தக்க இடம். இரு முன்ரயர்களுக்கும் ஒரே அளவு காற்றடித்தபின் கீழ்க்காணும் ஒழுங்கிற் செய்க.

முதலாவது: முன்சில்லை உயர்த்திச் சுழற்றி, ரயரின் நடுவில் சுண்ணக்கட்டியைப் பிடித்து வெண்பட்டை ஒன்று பூசுக. பின் ஓர் ஆணியை அசையாத கட்டையின்மேல் ஊன்றிப் பிடித்து மீண்டும் சில்லைச் சுழற்றினால் பட்டையின் நடுவே மெல்லிய கோடு விழும். வளையம் சற்று நெளிந்திருந்தாலும் இக்கோடு நேராயிருக்கும்.

இரண்டாவது: வண்டியை இறக்கி, சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுழற்றிச் சுற்றுகளை எண்ணி, அதன் பாதியில் நிறுத்துக. இதுவே நடுநிலை. வண்டியை 3 அல்லது 4 மீற்றர் முன்னோக்கித் தள்ளி நிறுத்துக. பின்னோக்கித் தள்ளிவிட்டு அளத்தல் கூடாது. மூட்டுகளின் தளர்வு மறுபக்கம் சாய்ந்து அளவைக் கெடுக்கும்.

மூன்றாவது: சில்லின் நடுவுயரத்தில், முன்பக்கத்துக் கோட்டின்மேல் இரு ரயர்களிலும் ஒவ்வொரு புள்ளி குறிக்க. அப்புள்ளிகளின் இடைத்தூரத்தை அளந்து எழுதுக.

நான்காவது: அதே புள்ளிகள் பின்பக்கத்துக்கு அதே உயரத்தில் வரும்வரை வண்டியை முன்னோக்கி அரைச்சுற்றுத் தள்ளி, மீண்டும் அளக்க. நாடா செல்ல இடமில்லாவிடின், புள்ளியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கித் தரையிலே குறியிட்டு, வண்டியை அகற்றியபின் தரைக்குறிகளை அளக்கலாம். அவ்வாறாயின் முன்னளவையும் அவ்வாறே எடுத்தல் வேண்டும்.

பின்னளவிலிருந்து முன்னளவைக் கழிக்க வருவது குவிவு. முன்னளவு கூடுதலாயின் அது விரிவு. ஒரே புள்ளிகளை இரு இடத்திலும் அளப்பதால் வளையத்தின் நெளிவு கணக்கைப் பாதியாது. மூன்றுமுறை அளந்து ஒத்த விடை வரின் அதனை நம்பலாம்.

6. திருத்தும் முறை

எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். ஒற்றை இணைதண்டு உள்ள இயந்திரம் ஒன்றில், கமக்காரர் தேய்ந்த முனைமூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டியுள்ளார். பழைய மூட்டு எத்தனை சுற்றில் கழன்றது என எண்ணவில்லை. இப்பொழுது முன்னளவு 1,236 மில்லிமீற்றர். பின்னளவு 1,224 மில்லிமீற்றர். ஆகவே 12 மில்லிமீற்றர் விரிவு உண்டு. வேண்டுவது 3 மில்லிமீற்றர் குவிவு. மொத்தம் 15 மில்லிமீற்றர் மாறவேண்டும்.

தண்டின் நீளத்தில் செய்யும் சிறு மாற்றம் சில்லிலே பெருகித் தோன்றும். சில்லின் கை 150 மில்லிமீற்றர் நீளமும் ரயர் 730 மில்லிமீற்றர் விட்டமும் உடையதாயின், பெருக்கம் ஏறக்குறைய 5 மடங்கு. எனவே 15 மில்லிமீற்றர் மாற்றத்துக்குத் தண்டு 3 மில்லிமீற்றர் மாறினாற் போதும். புரியின் இடைவெளி 1.5 மில்லிமீற்றராயின் இரண்டு சுற்று. இக்கணக்கு உங்கள் வண்டியின் கையையும் ரயரையும் அளந்தே செய்யவேண்டியது.

இணைதண்டு அச்சுக்குப் பின்னே இருப்பின், அதனை நீட்டக் குவிவு கூடும். அச்சுக்கு முன்னே இருப்பின், நீட்ட விரிவு கூடும். ஐயம் இருப்பின் அரைச்சுற்று மாத்திரம் திருகி, வண்டியை முன்னே தள்ளி, மீண்டும் அளந்து திசையை அறிந்துகொள்க. இரு இழுதண்டுள்ள பேர்குசன் வகை வண்டிகளில் சுக்கானை நடுநிலையில் வைத்து, வேண்டிய மாற்றத்தை இரண்டாகப் பிரித்து இருபக்கத்துக்கும் சமமாகக் கொடுத்தல் வேண்டும். ஒரு பக்கத்தை மாத்திரம் திருகினால் குவிவு சரியாகும், சுக்கான் கோணும்.

இனி மூட்டு மாற்றுவோர், கழற்றுமுன் தண்டின்மேல் சுண்ணக்கட்டியாற் குறியிட்டு, கழலும் சுற்றுகளை எண்ணி எழுதிவைத்தல் நன்று. புதிய மூட்டை அதே எண்ணிக்கையில் மாட்டினால் திருத்தம் சிறிதாகவே இருக்கும். ஆயினும் புதிய மூட்டின் நீளம் வேறுபடக்கூடுமாதலின், எண்ணியது அளத்தலுக்கு ஈடாகாது.

7. பூட்டுதல்

உயிரைக் காப்பது இப்பகுதியே. சில்லு சிறிது கோணியிருந்தால் ரயர் தேயும். மூட்டுக் கழன்றால் வண்டி ஓட்டுநரின் கையைவிட்டுப் போகும்.

மூட்டின் சரிவான காம்பும் அது அமரும் துளையும் துடைத்துச் சுத்தமாக இருத்தல் வேண்டும். அதில் கிறீஸோ தீந்தையோ கூடாது. துளை தேய்ந்து காம்பு ஆடினால், தகரத் துண்டைச் சுற்றி இறுக்குதல் ஒருபோதும் கூடாது. துளையுள்ள கையையே மாற்றவேண்டும்.

நட்டை இறுக்கியபின் ஸ்பிளிற் பின் துளை நேரே வராவிடின், மேலும் இறுக்கித் துளையை நேர்ப்படுத்துக; தளர்த்தி நேர்ப்படுத்துதல் பிழை. சில்லின் பெயாரிங் நட்டுக்கு முறை வேறு. சில்லைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின் அடுத்த துளை வரும்வரை சிறிது தளர்த்திப் பின் பூட்டவேண்டும். மூட்டுக்கு முன்னே செல்க, பெயாரிங்குக்குப் பின்னே வருக என நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பிளிற் பின் புதியதாயிருத்தல் வேண்டும். வேலிக்கம்பி, ஆணி, மின்கம்பித் துண்டு என்பன அதற்கு ஈடாகா. உழவின் அதிர்வில் வேலிக்கம்பி வளைந்து வளைந்து முறியும். அதன்பின் நட்டைத் தடுக்க ஒன்றும் இல்லை. ஒரு போகத்துக்கு வேண்டிய பின்களை ஒரு தகரப்பெட்டியில் வண்டியோடு வைத்திருத்தல் நன்று.

தண்டின் கவ்விகளையும் எதிர்நட்டுகளையும் இறுக்குக. முனைமூட்டின் புரி, தன் விட்டத்தினும் குறையாத ஆழத்துக்குத் தண்டினுள் சென்றிருத்தல் வேண்டும். கடைசி இரண்டு மூன்று புரிகளில் தொங்கும் மூட்டு என்றோ ஒருநாள் கழன்றே தீரும்.

8. செய்யத் தகாதவை

வளைந்த சில்லுக்கையை உலையிற் காய்ச்சிச் சம்மட்டியால் நிமிர்த்துதல் கூடாது. அவை அடித்து வார்த்துப் பதமிட்ட உருக்கு. சூடேறியபின் பதம் போய்விடும். வெளியே நேராகத் தோன்றினும் உள்ளே வெடிப்புக் கொண்டு, முன்னறிவிப்பின்றி முறியும். ஆடுகின்ற மூட்டை ஒட்டுவைத்து அசையாமற் செய்தலும் அத்தகையதே. மூட்டு அசையாதாயின் வளைவு தண்டின்மேல் விழும். நீர்க்குழாயை வெட்டிக் கிங் பின் புஸ்ஸாகப் போடுவோர், அதனை ஒரு வரம்பு கடக்கும் தற்காலிக உதவியாகவே கொள்ளல் வேண்டும். அவ்வண்டியுடன் வீதிக்கு ஏறுதல் கூடாது. பல்லுப்பெட்டியின் திருகை இறுக்கிச் சுக்கானின் ஆட்டத்தை மறைத்தலும் கூடாது. ஆட்டம் முதலில் மூட்டிலும் புஸ்ஸிலும் தேடப்படவேண்டியது.

9. ஓட்டிப் பார்த்தல்

பெட்டியைக் கழற்றிவிட்டு, மட்காட்டில் எவரையும் இருத்தாமல், முதலில் வளவிலும் பின்னர் ஒழுங்கையிலும் மெதுவாக ஓட்டுக. இருபக்கமும் முழுமையாகத் திருப்பி, ரயரோ தண்டோ எங்கும் முட்டவில்லையெனக் காண்க. நேர் ஒழுங்கையில் சுக்கானை மெல்லத் தளரப் பிடித்து இழுப்பு உண்டோ எனப் பார்க்க. ஒரு கிலோமீற்றர் ஓடியபின் நிறுத்தி, சில்லின் குடங்களைக் கையால் தொட்டுப் பார்க்க. ஒன்று மற்றதிலும் பார்க்கச் சூடாயிருப்பின் அதன் பெயாரிங் இறுகியுள்ளது.

இவையெல்லாம் ஒழுங்காயிருப்பின் வெறும் பெட்டியோடும், அதன்பின் சுமையோடும் ஓட்டலாம். ஏறக்குறைய 10 மணிநேர வேலையின் பின் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை பார்க்க. புதிதாக மாட்டிய பாகம் அமர்ந்து தளர்வது இக்காலத்திலேயே.

சுமைபற்றியும் ஒன்று கூறவேண்டும். பெட்டியின் பாரம் பின்பக்கத்துக் கொளுவியை அமுக்கும்போது முன்சில்லுகள் இலேசாகின்றன. குளக்கட்டின் ஏற்றத்தில் அவை நிலத்தைச் சரியாகத் தொடாமலும் போகலாம். நிலத்தைத் தொடாத சில்லை எத்துணை நன்றாக நேர்படுத்தியிருந்தாலும் அது வண்டியைத் திருப்பாது. சுக்கான் திடீரென இலேசானால் அது நன்மையன்று, அபாயக் குறி. சுமையைக் குறைத்தல், பெட்டியின் முன்பக்கத்தில் பாரத்தைக் குவியாது பரப்பி ஏற்றல், முன்பாரக் கட்டிகளைக் கழற்றாதிருத்தல் என்பனவே பரிகாரம்.

10. இருசில்லு உழவு இயந்திரம்

லான்மாஸ்டர் எனப் பலராலும் அழைக்கப்படும் இருசில்லு இயந்திரத்தில் நேர்படுத்துதற்கு முன்னச்சு இல்லை. இடப்பிடியை இழுத்தால் இடச்சில்லின் கிளச் விடுபட, வண்டி இடம் திரும்பும். பழுதுபார்த்தபின் இரு பிடிகளின் கேபிள்களும் ஒரே அளவு தளர்வுடையனவா எனப் பார்க்க. ஒன்று இறுகியிருந்தால் அப்பக்கக் கிளச் அரைகுறையாக விடுபட்டு வண்டி எப்பொழுதும் அப்பக்கம் சாயும்.

குளக்கட்டிலிருந்து சுமையோடு இறங்கும்போது இவ்வியந்திரம் மாறாக நடக்கும். பெட்டி பின்னிருந்து தள்ள, இயந்திரமே சில்லுகளைத் தடுத்துக்கொண்டிருக்கும். அவ்வேளை இடப்பிடியை இழுத்தால் இடச்சில்லு தடையின்றி விரைந்தோட, வண்டி வலம் திரும்பும். இது பழுதன்று, அதன் இயல்பு. ஆகவே இறக்கத்தில் சிறிய கியரில், பிடிகளைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளியே திருப்புதல் வேண்டும். வீட்டிலுள்ள இளைஞர் வண்டி பழகும்போது இதனைப் பெரியோர் முதலிலேயே சொல்லிக்கொடுத்தல் வேண்டும்.

11. எப்பொழுது கராஜுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்

சில்லுக்கை வளைந்திருத்தல், அச்சில் வெடிப்புக் காணுதல், பல்லுப்பெட்டியினுள் ஆட்டம் இருத்தல், கிங் பின் துளையே தேய்ந்திருத்தல், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சுக்கானில் ஒழுக்கு ஏற்படுதல், மேற்கூறிய முறையில் இருமுறை திருத்தியும் இழுப்பு நீங்காமை ஆகிய நிலைகளில் வண்டியைத் தகுந்த கராஜுக்குக் கொண்டுசெல்க. அப்பொழுது நீங்கள் எழுதிவைத்த முன்னளவையும் பின்னளவையும் இருபக்க அளவுகளையும் காட்டுக. திருத்துவோரின் நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.

12. செய்தற்குரிய காலம்

வன்னியிலே காலபோக உழவு மழையோடு தொடங்குகிறது. ஆவணி, புரட்டாதி மாதங்களில் வண்டி ஓய்ந்திருக்கும் வேளையே இச்சோதனைக்கு ஏற்றது. மழை தொடங்கியபின் அயலிலுள்ள ஒவ்வொருவரும் ஏர் வேண்டி நிற்க, தேய்ந்த மூட்டை இன்னும் ஒருநாள் என்று ஓட்டும் எண்ணம் எவருக்கும் வரும். மாசி, பங்குனியில் சூடடிப்பு முடிந்து நெற்சுமையோடு வீதிக்கு ஏறுமுன் இரண்டாவது முறை பார்க்க. ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்துக்கோ, புதுக்குடியிருப்பு வழியாகப் பரந்தனுக்கோ வந்து ஏ-9 வீதியில் ஏறும் பெட்டிவண்டி, விரைந்துவரும் பேருந்துகளோடும் பாடசாலைப் பிள்ளைகளின் துவிச்சக்கரவண்டிகளோடும் ஒரே வீதியைப் பகிர்ந்துகொள்கிறது.

வண்டியின் பெட்டிக்குள் ஒரு சிறு கொப்பி வைத்து, அளந்த நாள், முன்னளவு, பின்னளவு, மாற்றிய பாகம் ஆகிய நான்கையும் எழுதிவருக. அடுத்தமுறை அளவு மாறியிருப்பின் எங்கோ ஒரு பாகம் தேய்கிறது என்பதை அது விபத்துக்கு முன்னரே காட்டிவிடும்.